ஜாக் என்று நினைத்தேன்

பத்திரிகைக்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவ்வளவு நிதானம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" தியானம் என்று ஒருவரிடம் சொன்னேன். மூச்சுப் பயிற்சி என்று இன்னொருவரிடம். அதிகாலை ஜெபம் என்று மூன்றாமவரிடம். மூன்றும் பொய். உண்மையை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அது நிதானம் இல்லை, பயம். பயத்தில் உறைந்து நிற்கிறவளும் நிதானமாக நிற்கிறவளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

எனக்குப் பயமில்லாத பொருள் குறைவு. பல்லி, அட்டை, இடி, குக்கர் விசில், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ், பதிவுத் தபால். வாழவந்தியில் நான் படித்த பள்ளியின் ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டவுடன் நானும்தான் ஓடினேன், வீட்டைப் பார்த்து. அதோடு விளையாட்டுக்கும் எனக்கும் உறவு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் பயந்தாங்கொள்ளிகளுக்கென்றும் ஒரு விளையாட்டு இருக்கிறது. லான் பௌல்ஸ். அதில் யாரும் ஓட வேண்டியதில்லை, யாரும் யாரையும் இடிப்பதில்லை, பந்து முகத்துக்கு நேராகப் பறந்து வருவதில்லை. வழவழவென்று வெட்டிய புல்தரையில் ஒரு மூலையில் சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு ஜாக் என்று பெயர். இந்த மூலையில் ஒரு விரிப்பின் மேல் நின்றுகொண்டு, கையில் அடங்குகிற பெரிய கறுப்புப் பந்தை உருட்ட வேண்டும். யாருடைய பந்து ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஒரே வம்பு, அந்தக் கறுப்புப் பந்தின் வடிவத்தில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். நேராக உருட்டினால் நேராகப் போகாது. போகப்போக வேகம் குறைந்து, வில்லாக வளைந்து வரும். (என் கணவர் வேன் ஓட்டுவது போலத்தான்.)

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் பழைய முதலாளி இந்த விளையாட்டின் மேல் ஆசைப்பட்டு அப்படி ஒரு புல்தரை போட்டிருந்தார். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பந்துகளைத் துடைத்து அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. ஒரு நாள் விளையாட வந்த விருந்தினர்களில் ஓர் ஆள் குறைந்தது. "ஸ்டெல்லா, நீ வந்து நில்லும்மா" என்றார்கள். நின்றேன். உருட்டினேன். பந்து போய் ஜாக்கை உரசிக்கொண்டு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைத்தட்டலும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். இரண்டு வருடத்தில் மாவட்டம், மாநிலம் என்று சில கோப்பைகள் வந்தன. (பெருமைப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு மாநிலத்தில் இதை விளையாடிய பெண்கள் எல்லோரும் ஒரே மினி பஸ்ஸில் உட்கார்ந்து வந்துவிடலாம். ஜன்னலோர இடமும் மிஞ்சும்.)

அந்த நேரத்தில்தான் தேசியப் போட்டிக்கு மாநில அணியைத் தேர்வு செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கீழே சமவெளியில் அவர்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தில் ஏதோ வேலை நடந்ததால், தேர்வை எங்கள் ஹோட்டல் புல்தரையிலேயே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

புல்தரையைப் பார்த்துக்கொண்டவர் பழனியப்பன். மாரமங்கலத்துக்காரர். வீட்டில் மிளகும் காப்பியும் இருந்தாலும், அவருடைய உயிர் எங்கள் ஹோட்டல் புல்லில்தான் இருந்தது. பதினோரு வருடமாக அதை வெட்டி, உருளை இழுத்து, மண் சலித்துத் தூவி, குழந்தைக்குத் தலை சீவுவதுபோல் வைத்திருந்தார். செருப்புப் போட்டு யாராவது மிதித்தால் அவர் முகம் சுருங்கும். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அம்மிணி, நாங் கெளம்பறனுங்க. நீங்க ஆடி முடிச்சுட்டுப் போறப்ப அந்தக் கீழ்க்கேட்ட மட்டும் சாத்திக் கொக்கி போட்டுருங்க. காட்டு மாடு நடமாட்டம் நொம்ப இருக்குது."

"சரிங்ணா, நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

கீழ்க்கேட்டுக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டம். புல்தரையைச் சுற்றி மின்வேலி உண்டு. காட்டு மாடு உள்ளே வர இந்தக் கேட் ஒன்றுதான் வழி. ஆறு மணிவாக்கில் பயிற்சியை முடித்துக்கொண்டு அதைச் சாத்தத்தான் போனேன். பத்தடி இருக்கும்போது காப்பிச் செடிக்குள் சரசரவென்று ஒரு சத்தம். அணிலாக இருக்கலாம். காற்றாக இருக்கலாம். நான் நின்று விசாரிக்கவில்லை. கேட்டை அப்படியே போட்டுவிட்டு, ஜாக்கையும் புல்லிலேயே விட்டுவிட்டு, ஓட்டப்பந்தயச் சிறுமியாக மாறி வீடு வந்து சேர்ந்தேன். வீடு என்றால் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்பு. கணவர் அருள்ராஜ் அதே ஹோட்டலில் வேன் டிரைவர். அவரிடம்கூட நான் கேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் சிரிப்பார் என்று பயம்.

மறுநாள் விடியற்காலையில் அருள்ராஜ் வேனை எடுத்துக்கொண்டு, தேர்வுக் குழுவை அழைத்துவர சேலம் ஜங்ஷனுக்கு இறங்கிப் போய்விட்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் வருவதற்குள் கொஞ்சம் கையைப் பழக்கிக்கொள்ளலாம், அப்படியே அந்தக் கேட்டையும் சாத்திவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கிளம்பினேன். தேர்வுக்கான வெள்ளைச் சீருடை தேய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அது கசங்கிவிடுமே என்று பயம். அதனால் உடம்பில் இருந்த நைட்டி, அதன் மேல் அருள்ராஜின் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. இந்தக் கோலத்தில்தான் தமிழ்நாட்டின் எதிர்கால வீராங்கனை புல்தரைக்குப் போனாள்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. நீட்டிய கையின் விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. கீழ்க்கேட் இருக்கும் திசையே தெரியவில்லை. அந்தப் பனிக்குள் அவ்வளவு தூரம் தனியாக நடப்பதா? வெளிச்சம் வந்த பிறகு சாத்திக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, விரிப்பைப் போட்டு அதன் மேல் நின்றேன். நின்று பார்த்தால் தூரத்தில், பனிக்குள் மங்கலாக, ஒரு வெள்ளைப் புள்ளி. நேற்று விட்டுப்போன ஜாக்! கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது. பனியில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்று விளக்கமும் சொல்லிக்கொண்டேன். (ஜாக் என்பது தரையில் கிடக்கிற பொருள், நின்றுகொண்டிருக்கிற பொருள் இல்லை என்று யோசித்திருக்கலாம்தான். யோசிக்கிற புத்தி இருந்திருந்தால் கேட்டைத் திறந்து போட்டிருப்பேனா?)

முதல் பந்து பாதியிலேயே நின்றது. இரண்டாவது விலகிப் போயிற்று. மூன்றாவதைக் குனிந்து உருட்டினேன். கையை விட்டுப் போகும்போதே தெரிந்தது. அது போன அழகை நான் இன்றைக்கும் கனவில் பார்க்கிறேன். ஈரப் புல்லில் சத்தமே இல்லாமல் வெளியே போய், அகலமாக வளைந்து, திரும்பி, வெள்ளைப் புள்ளியைப் பார்த்து மெல்ல நடந்தது.

டொக்.

நான் கையை உயர்த்தினேன். வெள்ளைப் புள்ளி ஓரடி மேலே எழும்பி, மறுபடி கீழே இறங்கியது.

ஜாக் உருளும். நகரும். ஓரத்துப் பள்ளத்தில் விழும். காலைத் தூக்கி வைக்காது. இந்த உண்மை என் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பனிக்குள்ளிருந்து "புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு வந்தது. கொஞ்சம் பனி விலகியது. வெள்ளைப் புள்ளிக்கு மேலே முழங்கால். அதற்கு மேலே, பாறை போல ஒரு கறுப்பு உடம்பு. அதற்கும் மேலே இரண்டு கொம்புகள். காட்டெருமைக்குக் கடவுள் நான்கு காலிலும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டு அனுப்பியிருப்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று. பக்கத்தில் மூன்றாவது.

"காட்டெருமையைக் கண்டால் ஓடாதீர்கள். அசையாமல் நில்லுங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள்." இந்த அறிவிப்பை விருந்தினர்களுக்காக லேமினேட் செய்து ஒவ்வொரு அறையிலும் ஒட்டியவள் நான்தான். அசையாமல் நின்றேன். நடுங்கலாமா கூடாதா என்று அறிவிப்பில் போடவில்லை. மெதுவாகப் பின்வாங்கச் சொல்லித்தான் இருந்தது, ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அந்த நிமிடங்களில் சிரிப்புக்கு இடமே இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் வெள்ளக்கடைப் பக்கம் காப்பி பறிக்கப் போனவர் ஒருவரைக் காட்டெருமை தூக்கிப் போட்டு, அவர் தொடை முறிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் மகள் ஜெனி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மதியத்துக்குக் கட்டிய தயிர்ச்சோற்றில் உப்புப் போட்டேனா என்ற சந்தேகம் அப்போது வந்தது. சாகப் போகிற நேரத்தில் தயிர்ச்சோற்றை நினைத்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன். மாதாவை வேண்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, இந்த மலை யாருடைய மலையோ அந்தச் சேர்வராயனையும் வேண்டினேன். முன்னால் நின்ற மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலிருந்து வந்த ஆவி பனியோடு கலப்பதுகூடத் தெரிந்தது. பிறகு ஒரு அதிசயம். அது தலையைத் திருப்பி, குனிந்து, புல்லை மேய ஆரம்பித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்போது என் ஸ்வெட்டர் பையில் இருந்த போன் அடித்தது.

அருள்ராஜ் எனக்கு வைத்துக்கொடுத்த ரிங்டோன், கல்யாண வீட்டுக் கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் முழு வேகத்தில் கிளம்பின. மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இரண்டு மாடுகள் புல்தரையின் கீழ்ப்பக்கத்தைக் குறுக்கே மிதித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடின. என்னிடம் அடி வாங்கியது மட்டும் மேலே பார்த்து, என் பக்கமாக வந்தது.

ஓடாதீர்கள் என்று லேமினேட் செய்தவள் ஓடினேன். புல்தரை ஓரத்தில் சாமான் வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் ஏறி, அதிலிருந்து கொட்டகைக் கூரைக்கு எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒரு முறை ஏறிக் காட்டச் சொன்னார்கள், முடியவில்லை. கீழே அந்த மாடு கொட்டகைத் தூணில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டது. கொட்டகை ஆடியது. நான் தகரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து படுத்துக் கிடந்தேன். தூரத்தில், ஓடும்போது பையிலிருந்து விழுந்த போன் புல்லில் கிடந்து மறுபடி மறுபடி கெட்டிமேளம் வாசித்தது.

எவ்வளவு நேரமோ. வெயில் வந்து பனி கலைந்த பிறகுதான் அது ஒன்றுமே நடக்காததுபோல் நிதானமாகக் கேட் வழியாக இறங்கிப் போயிற்று. (நிதானம் எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டிருக்க வேண்டும்.) நான் தலையைத் தூக்கிப் புல்தரையைப் பார்த்தேன். கீழ்ப்பாதி முழுவதும் உழுது போட்ட வயல் மாதிரி குளம்புக் குழிகள். இறங்கலாம் என்று காலை நீட்டினேன், தொட்டி எட்டவில்லை. அந்த நேரத்தில்தான் வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் தேர்வுக் குழுத் தலைவி ரமணி மேடம். பின்னால் மற்ற ஊர்களிலிருந்து வந்த ஆட்டக்காரப் பெண்கள். வரவேற்க மேனேஜர் கையில் பூங்கொத்தோடு ஓடி வந்தார். எல்லோரும் முதலில் புல்தரையைப் பார்த்தார்கள். பிறகு ரமணி மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

"டிரைவர், மேலே யாரோ படுத்திருக்காங்களே. யார் அது?"

அருள்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். தன்னுடைய ஸ்வெட்டரைப் பார்த்தார். நைட்டியைப் பார்த்தார். நாங்கள் நேருக்கு நேர் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியம்.

"தெரியலைங்க மேடம்" என்றார்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று சொன்னபோது கூவியதுபோல் ஒரு சேவல் கூவாததுதான் குறை.

இதற்குள் பழனியப்பனும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் புல்லுக்குப் போய், மண்டியிட்டு, ஒரு குளம்புக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மேனேஜர் பூங்கொத்தோடு அவர் தலைக்கு மேல் போய் நின்றார்.

"ஏய்யா, கேட்டைப் பூட்டுனியா இல்லையா? இன்னைக்குன்னு பார்த்து இப்படிப் பண்ணிட்டியே! உன் கணக்கை முடிச்சுட்டுக் கிளம்பு. நாளையிலேர்ந்து வராதே."

பழனியப்பன் எழுந்தார். ஒரு கணம், ஒரே கணம், கூரையைப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நாஞ் சாயந்தரமே ஊருக்குப் போயிட்டனுங்க சார். கடைசியா யாரு போனாங்கன்னு எனக்குத் தெரியலைங்க."

ஒரே காலையில் இரண்டு பேர் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் தன் மானத்தைக் காப்பாற்ற. இன்னொருவர் என் மானத்தைக் காப்பாற்ற. நான் பேசாமல் இருந்தால் போதும். வேலையும் போகாது, அணிக்கான வாய்ப்பும் போகாது. பேசாமல்தான் இருந்தேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். அவர் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து அடி நடக்கும் வரைக்கும் பேசாமல் இருந்தேன். அதற்குள் எனக்கு ஒரு புதுப் பயம் வந்துவிட்டது. இந்த மனுஷர் இப்படியே நடந்து போய்விட்டால், இந்தப் புல்லின் மேல் இனி நான் எப்படி நிற்பேன்? காட்டெருமையைப் பார்த்தபோது வந்த பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"சார்!" என்று கத்தினேன். "நாந்தானுங்க சார் கேட்டைத் தொறந்து போட்டது! பழனியப்பண்ணன் சாத்தச் சொல்லிட்டுத்தானுங்க போனாரு! நாம் பயந்துட்டு ஓடிட்டனுங்க!" அழுகையோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். "அவரு எம் ஊட்டுக்காரருங்க! பொய் சொல்றாருங்க!"

ஏணி வந்தது. அருள்ராஜ்தான் அதைப் பிடித்துக்கொண்டார், தலையைத் தூக்காமல்.

நான் இறங்கியபோது மேனேஜர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஆனால் ரமணி மேடம் அங்கே இல்லை. அவர் நான் போட்ட விரிப்பிலிருந்து புல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். பனி ஈரத்தில் என் மூன்றாவது பந்து போன தடம் கறுப்புக் கோடாக, வில் போல வளைந்து, அப்படியே கிடந்தது. அதன் முடிவில் ஒரு குளம்புக் குழி. குழிக்குள், பாதி மண்ணில் புதைந்து, என் பந்து.

"இதை யார் போட்டது?"

"நாந்தானுங்க மேடம்."

"அந்தப் பனியிலயா? ஜாக் எங்கே?"

"ஜாக் நடந்து போயிருச்சுங்க மேடம்."

அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து, கடைசியில் பழனியப்பன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய மேடம் சிரித்த பிறகு மேனேஜருக்கும் கோபத்தைத் தொடர வழி தெரியவில்லை. இரண்டு பேர் வேலையும் தப்பியது.

இதற்குப் பிறகு நான் பிரமாதமாக ஆடி எல்லோரையும் வென்றேன் என்று எழுதத்தான் ஆசை. மேல்பக்கத்தில் தப்பியிருந்த புல்லில் இரண்டு ஆடுதளங்கள் வகுத்து மதியம் தேர்வு நடந்தது. தேய்த்து வைத்த சீருடையில் முதல் ஆட்டத்தைக் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் கேவலமாகத் தோற்றேன். இரண்டாவதையும் தோற்றேன். மூன்றாவது எப்படியோ வந்தது. அணியில் கடைசிப் பெயராக, மாற்று ஆட்டக்காரியாக என்னை எழுதிக்கொண்டார்கள். புல்லில் கிடந்த அந்தக் கறுப்புக் கோட்டுக்காகத்தான் எழுதினேன் என்று ரமணி மேடம் பின்னால் சொன்னார். தேசியப் போட்டியில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து எனக்கு இடம் கிடைத்ததும், அந்த வருடம் வெண்கலமும் நான்கு வருடம் கழித்து ஒற்றையரில் தங்கமும் வந்ததும் வேறு கதை.

ஆனால் அதற்கு முன்னால் ஆறு மாதம் தினமும் வேலை முடிந்த பிறகு நான் மண் சுமந்தேன். மேனேஜர் போட்ட தண்டனை. பழனியப்பன் முதல் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் ஒரு குழியை நிரப்பி உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, "பள்ளம்னு நெனச்சது மேடா இருக்கும் அம்மிணி, கைய வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அது சமாதானமா, புல்லைப் பற்றிய தகவலா என்று கேட்கப் பயந்து, நானும் கையை வைத்துப் பார்த்தேன்.

வீட்டில் இதன் விளைவு வேறு மாதிரி. நான் பாலைப் பொங்கவிட்டால், சர்ச்சில் தவறான இடத்தில் எழுந்து நின்றால், சாவியைத் தொலைத்தால், அருள்ராஜும் ஜெனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே குரலில், "யாருன்னு தெரியலைங்க மேடம்" என்பார்கள். ஜெனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையிலும் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் போட்டியானாலும், விதி அனுமதிக்கிற முதல் வாய்ப்பிலேயே ஜாக் இருக்கும் இடம் வரைக்கும் நடந்து போய், குனிந்து, உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். தரையின் சரிவைக் கணிக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இப்போது வடக்கே சின்னப் பெண்கள் எல்லோரும் அதேபோல் போய்க் குனிந்து பார்க்கிறார்களாம். பயிற்சியாளர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்களாம். போன போட்டியில் நான் அப்படிக் குனிந்தபோது மைதானமே அமைதியாக இருந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து அருள்ராஜின் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"மாடு இல்ல ஸ்டெல்லா! தைரியமா போடு!"